ஏழு குப்பியும் என் செக்கிங் புத்தியும்

அதனால்தான் சொல்கிறேன் அம்மிணி, நீங்கள் கேள்விப்பட்டது பாதிதான். மீன் வியாதி பார்க்கும் பெட்டி பொய் சொல்லிவிட்டது, அந்தத் தூத்துக்குடிப் பெண்ணுக்கு வேலை தெரியவில்லை என்று பஸ் ஸ்டாப்பில் பேசுகிறவர்கள் பேசட்டும். பெட்டி பொய் சொல்லவில்லை. பெண்ணும் தப்புச் செய்யவில்லை. பெட்டி சொன்ன உண்மையைக் கலைத்துப்போட்டது நான். இதோ இந்த இரண்டு கைதான். நீங்களும் முருங்கைக் காட்டில் பாதியைத் தோண்டி மீன்குட்டை போடப்போவதாகச் சொல்கிறீர்கள். நாளைக்கு அதே பெண்ணைக் கூப்பிட வேண்டிவரும். அவள் மேல் பழியோடு நீங்கள் ஆரம்பிக்கக் கூடாது. அந்தச் சேரை இழுத்துப் போட்டு உட்காருங்கள், நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன்.

எனக்கு எழுத்து தெரியாது. அதில் எனக்கு வெட்கமும் இல்லை. பஸ்ஸை அதன் நிறத்தையும் கண்டக்டரின் மூஞ்சியையும் வைத்துக் கண்டுபிடித்துவிடுவேன். ஆனால் வெள்ளையில் பதினோரு வெள்ளை தெரியும். நல்லூரில் ஒரு பனியன் கம்பெனியில் இருபத்திரண்டு வருடம் செக்கிங் டேபிளில் நின்றவள் நான். தைத்து வருகிற பனியனை விரித்துப் பார்ப்பது, ஓட்டை இருக்கிறதா, எண்ணெய்க் கறை இருக்கிறதா, பேனாக் கோடு இருக்கிறதா என்று தேடுவது, எல்லாவற்றுக்கும் மேலே சேடு பார்ப்பது, அதாவது நிறம் ஏறி இறங்கியிருக்கிறதா என்று பார்ப்பது. ஒரே சாயத்தில் போட்ட துணிகூட ஒரே நிறத்தில் வராது. ஒன்று கொஞ்சம் வெளுத்திருக்கும், ஒன்று கொஞ்சம் தூக்கலாக இருக்கும். அதை அதை அதனதன் கூட்டத்தில் சேர்க்க வேண்டும். ஒரு அட்டைப்பெட்டிக்குள் இரண்டு சேடு போய்விட்டால் கப்பலில் போன சரக்கு திரும்பி வரும். சூப்பர்வைசரே சந்தேகம் வந்தால் என்னிடம்தான் கொண்டுவருவார். (பெருமைக்குச் சொல்லலீங்க. சரி, பெருமைக்குத்தான் சொல்றேன்.)

முட்டி போன பிறகு வேலையை விட்டுவிட்டு இங்கே, அமராவதி நகருக்கு இந்தப் பக்கம், மகன் செல்வராசு வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். அவன் அப்போதுதான் மீன்குட்டை போட்டிருந்தான். நீங்கள் வரும் வழியில் பார்த்திருப்பீர்கள், வரிசையாக ஐந்து குட்டை. மேலேயிருந்து முதல் மூன்றும் எங்களுடையது. நாலும் ஐந்தும் தெய்வானையுடையது. தெய்வானை யார் என்றால் என் கொழுந்தனார் பெண்டாட்டி, எனக்கு ஓரகத்தி. கொழுந்தனார் போய்ச் சேர்ந்துவிட்டார். ஒரே மகளைக் கட்டிக்கொடுத்தாகிவிட்டது. ஐந்து குட்டைக்கும் ஒரே கிணறு, ஒரே தண்ணீர். ஒன்று நிறைந்து மடையைத் திறந்தால் இரண்டுக்குப் போகும், இரண்டு நிறைந்தால் மூன்றுக்கு, அப்படியே ஐந்து வரைக்கும் இறங்கும்.

அவளுக்கு அந்த ஐந்தாவது குட்டைதான் உயிர். இருப்பதில் பெரியது அதுதான். உள்ளே கட்லாவும் ரோகுவும். அவள் கரையில் நின்று தவிட்டு வாளியைத் தட்டினால் மொத்தக் கூட்டமும் வந்து நிற்கும். மகள் வருடம் முழுக்க, "இங்க வந்து இருங்கம்மா, தனியா என்னத்துக்கு" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். மகள் வீட்டில் போய் மூலையில் உட்கார்ந்து சோறு வாங்கித் தின்பது தெய்வானைக்கு ஆகாத காரியம். "குட்டை இருக்கற வரைக்கும் எனக்கு வேலை இருக்குது, வேலை இருக்கற வரைக்கும் நான் எங்கயும் வரமாட்டேன்" என்று சொல்லிவைத்திருந்தாள். குட்டை போனால் அந்தப் பேச்சும் போய்விடும். மருமகன் வண்டி வைத்துக்கொண்டு வந்து கூட்டிக்கொண்டு போய்விடுவான். இது எனக்கும் தெரியும், செல்வராசுக்கும் தெரியும், ஊருக்கே தெரியும்.

அப்படி இருக்கும்போதுதான் நாலைந்து நாள் நல்ல வெயில் அடித்து, பிறகு மூட்டம் போட்டு, ஒரு மழை. காலையில் போய்ப் பார்த்தால் ஐந்து குட்டையிலும் மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகிறது. ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று செத்து மிதக்கிறது. மறுநாளும் அப்படியே.

மீன் செத்தால் முதலில் வருவது நாற்றம் இல்லை அம்மிணி, சண்டை.

"உங்க செல்வராசு வலையாலதான் வந்துதுங்கக்கா. மூணுல நனைச்ச வலையக் காயக்கூட வைக்காம நாலுல வீசுனான். நான் அப்பவே சொன்னேன்" என்றாள் தெய்வானை.

"வலை என்னடி பண்ணும்? நீ கோழிப்பண்ணைக் கழிவக் கொண்டாந்து கொட்டுனயே, அதுதான் உன்ற குட்டையில புழுத்துக் கெடக்குது" என்றேன் நான்.

"என்ற குட்டை கீழ இருக்குதுங்க. கீழ இருக்கற தண்ணி மேல ஏறி உங்களுக்கு வருமுங்களா?"

அவள் சொன்னது நியாயம். அதனால் சத்தத்தைக் கூட்டினேன்.

செல்வராசு எங்கள் இரண்டு பேரையும் விட்டுவிட்டு அந்தத் தூத்துக்குடிப் பெண்ணுக்குப் போன் போட்டான். மறுநாள் அந்தப் பெண் வந்தாள். பெயர் ஜெனிபர். மீன் படிப்புப் படித்தவள். பைக்கில் தனியாக வந்து இறங்கினாள், முதுகில் ஒரு பை, கையில் ஒரு பெட்டி. பெட்டி என்றால் பெரிதாக நினைக்காதீர்கள். கம்பெனிக்குக் கொண்டுபோகிற நாலடுக்குச் சோத்து டப்பா அளவுதான் இருக்கும். அதைப் பார்த்ததும் எனக்கு நம்பிக்கை போய்விட்டது. மனுசனுக்குக் காய்ச்சல் என்றால் ஒரு கட்டடம் முழுக்க மெஷின் வைத்திருக்கிறார்கள், மீனுக்கு இந்த டப்பாவா என்று.

அவளே என் மூஞ்சியைப் பார்த்துப் புரிந்துகொண்டாள்.

"முன்னெல்லாம் தண்ணிய ஐஸ்ல வச்சு வெளியூருக்கு அனுப்பணும் ஆச்சி. பதில் வாரதுக்குள்ள குட்டை காலியாயிரும். இப்பக் கரையிலயே பாத்துச் சொல்லிரலாம்."

(ஆச்சிங்கறது அவங்க பக்கத்துல பாட்டிக்கு, நம்ம அம்மாயிக்கு. எனக்கு அந்தக் கூப்பாடு பிடிச்சுப்போச்சுங்க.)

"எத்தன நேரமாகும் கண்ணு?"

"ஒரு மணி நேரத்துக்குள்ள தெரிஞ்சிரும்."

உயிர் இருக்கிற எதற்கும் உள்ளே ஒரு எழுத்து இருக்குமாம். மனுசனுக்கு ஒரு எழுத்து, மீனுக்கு ஒரு எழுத்து, கண்ணுக்குத் தெரியாத கிருமிக்கும் ஒரு எழுத்து. கிருமியைப் பிடிக்க வேண்டாம், தண்ணீரில் அதன் எழுத்து கிடந்தால் போதும், மருந்து அதைக் கண்டுபிடித்து ஒன்றைப் பல கோடியாக்கிக் காட்டிவிடும் என்றாள். நான் தலையாட்டினேன். தாளில் எழுதிய எழுத்தே எனக்குப் பிடிபடவில்லை, இவள் தண்ணீருக்குள் படிக்கிறேன் என்கிறாள். படிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஐந்து குட்டையிலும் தனித்தனி பாட்டிலில் தண்ணீர் எடுத்தாள். ஊசியில்லாத பெரிய சிரிஞ்சில் உறிஞ்சி, ஒரு வட்டமான வடிகட்டி வழியாக அழுத்தினாள். வடிகட்டியில் தங்கியதை என்னென்னவோ செய்து, கடைசியில் சுண்டுவிரல் நகம் அளவு குப்பிகளில் ஒரு சொட்டு ஒரு சொட்டாக விட்டு மூடினாள். குப்பிக்குள் இருந்த மருந்து நல்ல ரோஸ் நிறம். ஒவ்வொரு மூடியின் மேலும் பேனாவில் கொக்கி கொக்கியாக ஏதோ போட்டாள். மொத்தம் ஏழு குப்பி.

"குட்டை அஞ்சுதானுங்க" என்றான் செல்வராசு.

"மத்த ரெண்டும் சாட்சி அண்ணே. ஆறாவதுல கிருமியோட எழுத்த நானே போட்டிருக்கேன், அது மஞ்சளாகியே தீரணும். ஏழாவதுல வெறும் சுத்தத் தண்ணி, அது ரோஸாவே இருக்கணும். இந்த ரெண்டும் சரியாச் சொன்னாத்தான் மத்த அஞ்சையும் நம்பலாம்."

ரோஸ் ரோஸாகவே இருந்தால் அந்தக் குட்டையில் கிருமி இல்லை, வெறும் மூச்சுமுட்டல்தான், புதுத்தண்ணீர் விட்டால் மீன் பிழைத்துக்கொள்ளும். மஞ்சளானால் கிருமி உண்டு. அந்தக் குட்டையின் மடையை அடைத்தே வைக்க வேண்டும், மீனை எல்லாம் பிடித்துச் சுண்ணாம்பு போட்டுப் புதைக்க வேண்டும், குட்டையைக் காயவிட வேண்டும். தெய்வானை இதைக் கேட்டாள். முந்தானையை எடுத்து இடுப்பில் இறுக்கிச் செருகிக்கொண்டாள்.

மோட்டார் ரூமில் மேசை போட்டு வெள்ளைத் துணி விரித்திருந்தாள் ஜெனிபர். குப்பிகளைப் பெட்டிக்குள் சூட்டில் வைத்தாள். உள்ளே கூட்டம் கூடாது என்று எல்லோரையும் வெளியே அனுப்பினாள். முக்கால் மணி நேரம் கழித்துப் பெட்டி கீச்சென்றது. குப்பிகளை எடுத்து, துளை போட்ட ஒரு பிளாஸ்டிக் கட்டையில் இடமிருந்து வலமாக வரிசையாகச் செருகினாள். எது எந்த நிறம் என்று நின்று பார்ப்பதற்கு முன்னால் படம் பிடிக்கப் போனைத் தேடினால், அது எங்கள் வீட்டில் சார்ஜில் கிடக்கிறது.

வாசலில் நின்ற என்னைக் கூப்பிட்டாள்.

"ஆச்சி, நீங்கதான் இங்க பெரியவங்க. ரெண்டு பக்கத்துக்கும் பொது. நான் போய்ப் போன எடுத்துட்டு வாரேன். அதுவரைக்கும் யாரும் கிட்ட வராமப் பாத்துக்கிடுங்க. ஈ வந்தா விசிறுங்க."

சொன்னதோடு விட்டிருந்தால் நான் ஈ விசிறிக்கொண்டு இருந்திருப்பேன். அவள் என் கைக்கு உறையும் மாட்டிவிட்டாள். டாக்டர்கள் போடுவார்களே, அந்த மாதிரி நீல உறை. கைக்கு உறை போட்ட பிறகு ஒரு மனுசி சும்மா உட்கார்ந்திருக்க முடியுமா, நீங்களே சொல்லுங்கள்.

மேசை. வெள்ளைத் துணி. ஜன்னலில் இருந்து நேரான வெளிச்சம். மேலே டியூப் லைட். இருபத்திரண்டு வருடம் நான் நின்ற இடம் அது. முன்னால் ஏழு பீஸ். ரோஸ், ரோஸ், மஞ்சள், என்று கண்டபடி கலந்து கிடக்கிறது. எனக்குக் கை அரித்தது. இந்தப் பெண்ணுக்குப் படிப்பு இருக்கிறது, அடுக்கத் தெரியவில்லையே என்று உண்மையாகவே பாவப்பட்டேன்.

முதலில் கண்ணில் பட்டது மூடி மேல் இருந்த பேனாக் கறை. ஏழு பீஸிலும் கறை. கறையோடு ஒரு பீஸ் என் டேபிளைத் தாண்டிப் போனதில்லை. பக்கத்திலேயே ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சு இருந்தது. ஒவ்வொன்றாக எடுத்துத் துடைத்தேன். பளிச்சென்று ஆகிவிட்டது. பிறகு சேடு பிரித்தேன். நல்ல சேடு முன்னால், மாற்றுச் சேடு கடைசியில், அதுதான் கம்பெனி முறை. நாலு ரோஸ் இந்தப் பக்கம், மூன்று மஞ்சள் அந்தப் பக்கம். ரோஸிலேயே ஒன்று அரைச்சொட்டு வெளுப்பு. அதை நாலாவதாக வைத்தேன். மூடியைத் திறக்கவில்லை, நான் செய்த புண்ணியம் அது ஒன்றுதான். தள்ளி நின்று ஒரு கண்ணை மூடிப் பார்த்தேன். கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல இருந்தது.

ஜெனிபர் போனோடு வந்தாள். செல்வராசையும் தெய்வானையையும் உள்ளே கூப்பிட்டாள். கட்டைக்கு நேராகக் குனிந்து, விரலை வைத்து இடப்பக்கத்தில் இருந்து எண்ண ஆரம்பித்தாள்.

"ஒன்னாவது குட்டை, சுத்தம். ரெண்டு, சுத்தம். மூனு, சுத்தம்."

செல்வராசு மூச்சை விட்டுச் சிரித்தான். மூன்று நாளாகச் சிரிக்காதவன்.

"நாலும் சுத்தம். அஞ்சு…"

விரல் அங்கே நின்றுவிட்டது. ஐந்தாவது குப்பி மஞ்சள்.

தெய்வானை அப்படியே மோட்டார் மேடையைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். அழவில்லை. "மருமகனுக்குப் போன் பண்ணிச் சொல்லிப்போடு செல்வராசு" என்றாள். அவ்வளவுதான்.

இப்போது நான் சொல்லப்போவதை இதுவரைக்கும் ஒருத்தர் தவிர யாரிடமும் சொன்னதில்லை. அந்த விரல் ஒன்று, இரண்டு என்று குட்டைப் பெயர் சொல்லி நகர்ந்ததே, அந்த நிமிசத்திலேயே எனக்குப் புரிந்துவிட்டது. வரிசைதான் கணக்கு. நான் கலைத்தது வரிசையை. அந்த மஞ்சள் ஐந்தாவது குட்டையின் மஞ்சள் இல்லை, நான் கொண்டுபோய் வைத்த மஞ்சள். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொல்லவில்லை. செல்வராசின் சிரிப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எங்கள் மூன்றும் சுத்தம் என்று அந்தப் பெண்ணே சொல்லிவிட்டாள். படித்த பெண். நான் யார் அதை மறுத்துச் சொல்ல?

நானாகவே ஒத்துக்கொண்டேன் என்று உங்களிடம் சொல்ல ஆசையாகத்தான் இருக்கிறது. ஒத்துக்கொண்டது நான் இல்லை, ஏழாவது குப்பி.

ஜெனிபர் ஆறாவதைத் தொட்டாள். "சாட்சி மஞ்சள், சரி." ஏழாவதைத் தொட்டாள். தொட்ட விரலை எடுக்கவில்லை.

"சுத்தத் தண்ணி எப்படி மஞ்சளாச்சு?"

குனிந்து மூடியைப் பார்த்தாள். ஒவ்வொரு மூடியாகப் பார்த்தாள். வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்த்தாள்.

"எழுதுன எழுத்த ஒன்னையும் காணலையே. ஆச்சி, யாரும் வந்தாவளா?"

"யாரும் வரலீங்க" என்றேன். அதுவரைக்கும் உண்மை.

"பின்ன?"

எல்லோரும் என் கையைப் பார்த்தார்கள். நீல உறை விரல் நுனியில் பேனா மை.

"கறையா இருந்துதுங்க. தொடைச்சுப்போட்டேன்" என்றேன். பிறகு, "சேடும் கலந்து கெடந்துது. அதயும் பிரிச்சு வெச்சேன்" என்றேன்.

அந்தப் பெண் நெற்றியில் கையை வைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

"என்ன ஆச்சி செஞ்சீய" என்றாள், காய்ச்சல்காரப் பிள்ளையிடம் கேட்கிற மாதிரி.

தெய்வானைதான் எழுந்தாள்.

"நல்லா அடுக்குனீங்கக்கா. உங்க மூணுக்கும் ரோஸு. எனக்கு மஞ்சளு. இருவத்திரண்டு வருசம் கத்துக்கிட்ட வேலை வீணாப் போகலீங்க."

"சத்தியமா எனக்குத் தெரியாதுடி. சேடு பாத்துத்தான் வெச்சேன். கண்ணால பாத்ததச் சொல்றேன், நடுவுல ரெண்டு மஞ்சள் பக்கத்துல பக்கத்துல இருந்த மாதிரி நெனப்பு."

"உங்களுக்கு வேணுங்கறப்ப நெனப்பு வருமுங்க."

நினைப்பை எல்லாம் கணக்கில் சேர்க்க முடியாது என்று ஜெனிபரும் சொல்லிவிட்டாள். அவளுக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: மஞ்சள் மூன்று. அதில் ஒன்று சாட்சி. மீதி இரண்டு ஐந்தில் ஏதோ இரண்டு குட்டை. எந்த இரண்டு என்று கடவுளுக்கும் கறை துடைத்த பஞ்சுக்கும்தான் தெரியும். திரும்பப் பார்க்கலாம் என்றால் மருந்து தீர்ந்துவிட்டது. புது மருந்து குளிரில் வைத்து வர வேண்டும், இரண்டு நாளாகும்.

"அதுவரைக்கும் எந்த மடையையும் திறக்கக் கூடாது. ஒரு குட்டைத் தண்ணி ஒரு சொட்டு இன்னொன்னுக்குப் போகக் கூடாது. வலை, வாளி, கால்கூட மாறக் கூடாது" என்றாள்.

"புதுத்தண்ணி விடலீன்னா நல்ல குட்டை மீனும் மூச்சுமுட்டிச் சாகுமுங்களே" என்றான் செல்வராசு. சிரிப்பு போய்விட்டிருந்தது.

"சாகும் அண்ணே. கையாலதான் காத்துக் குடுக்கணும். அந்தந்தக் குட்டைத் தண்ணிய அந்தந்தக் குட்டையிலயே மொண்டு உசரத்துல இருந்து ஊத்தணும். விடாம."

விடாமல் என்றால் விடாமல்தான் அம்மிணி. காலையில் ஆரம்பித்தால் வெளிச்சம் இருக்கிற வரைக்கும், பொழுது போன பிறகும் முறை வைத்து. குட்டைக்கு ஒரு ஆள், ஆளுக்கு ஒரு குடம். குடம் மாறிப்போகக் கூடாதே என்று நான் பனியன் வெட்டுத்துணியில் குட்டைக்கு ஒரு நிறமாகக் கிழித்துக் குடத்தின் கழுத்தில் கட்டிவிட்டேன். கட்டும்போது செல்வராசு பெண்டாட்டி கவிதா என் கையை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தாள். (தப்பு சொல்ல முடியுமா?)

ஐந்தாவது குட்டையை நான் எடுத்துக்கொண்டேன். யாரும் எடுத்துக்கொள்ளச் சொல்லவில்லை. முட்டி வலிக்குச் சேர் போட்டு, கரையில் உட்கார்ந்து, மொண்டு மொண்டு ஊற்றினேன். நாலாவதில் தெய்வானை. நடுவில் ஒரு வரப்புதான். முதல் நாள் முழுக்க அவள் எனக்கு முதுகைக் காட்டியே மொண்டாள். என் குடத்துத் தண்ணீர் விழுகிற சத்தமும் அவள் குடத்துத் தண்ணீர் விழுகிற சத்தமும் மாறி மாறிக் கேட்டுக்கொண்டே இருந்தது. அன்றைக்குச் சாயங்காலம் என் கையில் காப்பி டம்ளர் நிற்கவில்லை. கவிதாதான் பிடித்துக் குடிக்கவைத்தாள்.

இரண்டாம் நாள் மத்தியானம், என் பக்கம் திரும்பாமலே தெய்வானை கேட்டாள்.

"ஏனுங்கக்கா. அந்தப் புள்ள அஞ்சாவதுல வெரல வெச்சப்பவே உங்களுக்குத் தெரிஞ்சுபோச்சுதுங்களா?"

பொய் சொல்லலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். ஆனால் இரண்டு நாள் தண்ணீர் மொண்டவளுக்குப் பொய் சொல்லத் தெம்பு இருக்காது.

"ஒன்னு ரெண்டுன்னு எண்ணறப்பவே தெரிஞ்சுபோச்சு" என்றேன்.

"அப்பறம் ஏனுங் சொல்லல?"

"செல்வராசு சிரிச்சான்டி. பாத்துட்டு நின்னுட்டேன்."

அவள் நாலைந்து குடம் ஊற்றினாள்.

"நானுந்தான் பக்கத்துல உக்காந்திருந்தேன். என்ற மூஞ்சியப் பாக்கலீங்களா?"

"பாத்தேன்."

"ஏழாவது குப்பி மட்டும் இல்லீன்னா?"

நான் மொண்டு ஊற்றிக்கொண்டே இருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து, "மெதுவா ஊத்துங்க, மீனு மெரளுது" என்றாள். என் குட்டை இல்லையே அது, அவள் குட்டை. சரி என்று மெதுவாக ஊற்றினேன்.

மூன்றாம் நாள் ஜெனிபர் வந்தாள். இந்தத் தடவை குப்பிக்கு உடம்பிலேயே எழுத்து, அதன் மேல் ஒட்டுத்தாள், போன் அவள் கழுத்தில் கயிற்றில் தொங்குகிறது. என்னை மோட்டார் ரூமில் இருந்து எத்தனை தூரம் தள்ளி உட்காரவைத்தார்கள் என்றால், ரிசல்ட் எனக்கு வந்து சேர்வதற்குள் தென்னை மரத்தில் ஏறிய அணில் இறங்கிவிட்டது.

மூன்றும் நாலும் மஞ்சள். பக்கத்தில் பக்கத்தில் இருந்த இரண்டு. ஏழாவது ரோஸ்.

மடை மூடியே கிடந்தது, எங்கள் மூன்றாவது குட்டையில் இருந்து தெய்வானையின் நாலாவதுக்கு வலையோடுதான் போயிருக்கிறது. அவள் முதல் நாளே சொன்னது. ஐந்தாவது, நான் மஞ்சள் வைத்த ஐந்தாவது, சுத்தம். அன்றைக்கே அந்த முதல் வரிசையை நம்பியிருந்தால் உயிருள்ள மீனை அள்ளிப் புதைத்திருப்போம், மூன்றாவது மடையைத் திறந்து கிருமியைக் கீழே அனுப்பியிருப்போம். தெய்வானைக்கு ஒன்றுமே மிஞ்சியிருக்காது.

செல்வராசு மண்வெட்டியை எடுத்தான். குழி வெட்டினோம். எங்கள் மூன்றாவதிலும் அவளுடைய நாலாவதிலும் இருந்த மீனைப் பிடித்துப் போட்டு, சுண்ணாம்பு தூவி மூடினோம். துள்ளிக்கொண்டிருந்ததும் அதில் இருந்தது. செல்வராசு கடைசி மண்ணைத் தள்ளிவிட்டு, "சித்தி, வலை என்னுதுதானுங்க. மன்னிச்சுப்போடுங்க" என்றான். தெய்வானை, "போயிக் கையக் கழுவு, சுண்ணாம்பு அரிக்கும்" என்றாள். பிறகு போய் ஐந்தாவது குட்டைக் கரையில் நின்று வாளியைத் தட்டினாள். வந்தன. எல்லாம் இல்லை, ஆனால் நிறைய வந்தன. மருமகன் வண்டி வரவில்லை. இன்றைக்கும் அவள் அங்கேதான் இருக்கிறாள்.

எங்கள் குடும்பத்தில் இந்தக் கதைக்கு ஓய்வே கிடையாது. கவிதா அஞ்சறைப் பெட்டியை என் கைக்கு எட்டாத உயரத்தில் வைக்கிறாள். "அத்தை மஞ்சத்தூளத் தனியாப் பிரிச்சுப்போடுவாங்க" என்று வருகிறவர்களிடம் எல்லாம் சொல்கிறாள். போன தை மாதம் மூலனூரில் ஒரு கல்யாணம். தாம்பூலத் தட்டு வரிசையாக வைத்திருக்கிறார்கள். நான் பக்கத்தில் போனதுதான் தாமதம், "பழனாத்தாக்காவ அந்தப்பக்கம் நிக்கச் சொல்லுங்க, வெத்தலையெல்லாம் பச்சை வாரியா அடுக்கிப்போடுவாங்க" என்று ஒரு குரல். மாப்பிள்ளை வீட்டார்கூடச் சிரித்தார்கள். அவர்களுக்கு யார் சொன்னார்கள் என்று தெரியவில்லை. ஜெனிபர் புதிதாகப் போகிற ஊரில் எல்லாம், பெட்டியைத் திறப்பதற்கு முன்னால், "இங்க பனியன் கம்பெனியில செக்கிங் வேலை பாத்தவங்க யாரும் இருக்கீயளா?" என்று கேட்டுக்கொள்கிறாளாம்.

அதெல்லாம் ஊரறிந்த சிரிப்பு. தெய்வானையிடம் மட்டும் வேறு ஒன்று இருக்கிறது. நாலு பேர் நடுவில் நான் எதையாவது சொல்ல வந்து, சொல்லாமல் முழுங்கினேன் என்று வையுங்கள், விடமாட்டாள். ஒரு தடவை அவள் மகள் வந்திருந்தபோது தெய்வானை வைத்த பாயசத்தில் இனிப்பே இல்லை, நான் நன்றாக இருக்கிறது என்று தலையாட்டிக்கொண்டிருந்தேன். "சொல்லிப்போடுங்கக்கா. இங்க ஏழாவது குப்பி வராதுங்க" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள், குப்பி என்ற வார்த்தைக்கே சிரிக்கப் பழகிவிட்டார்கள். நானும் சிரித்தேன், மற்றவர்களுக்குக் கொஞ்சம் பின்னால். அவள் மட்டும் சிரிக்கவில்லை. டம்ளரைப் பிடித்துக்கொண்டு என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். இனிப்பு இல்லை என்று சொன்ன பிறகுதான் கண்ணை எடுத்தாள்.

என்ன அம்மிணி, நீங்களும் அப்படிப் பார்க்கிறீர்கள்? அந்தக் குப்பி இல்லாவிட்டால் நானாகச் சொல்லியிருப்பேனா என்றுதானே? கேட்க வேண்டியதுதான். இத்தனை நாளாக நானும் கேட்டுப் பார்த்திருக்கிறேன். ஒரு நாள் சொல்லியிருப்பேன் என்று வருகிறது. ஒரு நாள்… இருங்கள், அந்த வெள்ளாடு கயிற்றை இழுத்துக்கொண்டு போய் அவரைப் பந்தலில் வாயை வைக்கிறது. விட்டால் ஒரு கொடி மிஞ்சாது. ஏய், இந்தா, சூ.